முத்துமாரிக்கு நான் வைத்த பெயர்

"புதன். தீபாவளிக்குப் பத்தொன்பது நாள். மழை இல்லை. இன்றும் முத்துமாரியே வாசித்தாள்."

அச்சு மை வாடை இன்னும் போகாத என் ஏழாம் வகுப்புக் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் மிஷின் ஓட்டிய அப்பா, பிழையாக அச்சான பட்டாசு லேபிள்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்; அவற்றின் வெற்றுப் பக்கத்தில் நாள் தவறாமல் எழுதுவேன். அந்தப் புரட்டாசிப் பக்கங்களில் 'இன்றும்' என்ற சொல் ஓயாமல் வருகிறது.

காலை வழிபாட்டில் நாளிதழின் தலைப்புச் செய்திகளை வாசிக்கும் வேலை ஆறாம் வகுப்பு முழுக்க என்னுடையதாக இருந்தது. முத்துமாரி எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்த மாதமே தலைமையாசிரியை அதை அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் அம்மாவுக்கு விஸ்வநத்தத்தில் "பாம்பு மாத்திரை" போடும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. முத்துமாரி வாசிக்கத் தொடங்கினால் கடைசி வரிசையில் கடலைமிட்டாய் மெல்லும் வாய்கள்கூட நின்றுவிடும். "இந்தப் பிள்ள வாசிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று சத்துணவு ஆயா அடுப்பை விட்டு வந்து நிற்பார். நான் வாசித்த ஒரு வருடத்தில் ஒருநாளும் அவர் வந்ததில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவளைப் போலவே வாசித்துப் பார்த்தேன், வரவில்லை.

குரலில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால் நிறத்துக்குப் போனேன். பாம்பு மாத்திரை என்பது சுண்டுவிரல் நுனியளவு கறுப்பு வில்லை. பற்றவைத்தால் புகையோடு கரிப்பாம்பு நெளிந்து வளரும். அவள் தாளோடு முன்னால் போனபோது பக்கத்தில் நின்ற ஜெயந்தியின் காதில், "பாம்பு மாத்திரையப் பத்த வச்சாச்சு" என்றேன். ஜெயந்தி அதை வரிசை முழுக்கக் கடத்தினாள். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடத்துக்கே அதுதான் அவள் பெயர். அவள் "காலனிப் பிள்ளை". வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் வீடுகளில் எச்சரித்திருந்த சாதியையும் அந்தச் சிரிப்புக்குள் வைத்துச் சொல்லிவிட முடிந்தது. யாராவது கேட்டால் "சும்மா வெளாட்டுக்கு" என்றோம்.

அடுத்த திங்கட்கிழமை அவள் முகம் முழுக்கப் பவுடர் பூசி வந்தாள். வெள்ளை கழுத்தோடு நின்றிருந்தது. கணக்கு சார் பார்த்துவிட்டு, "என்ன தாயி, மாத்திரைக்கு வெள்ளையடிச்சிருக்கீகளோ?" என்றார். மரியாதை போட்டுக் கேட்டதால் சிரிப்பு இரட்டிப்பானது. அவரும் சிரித்தார். கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியவள் நான்.

பிறகு அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. அதையும் நாள்வாரியாக எழுதியிருக்கிறேன்: "வியாழன். மூன்றாம் வரிசைக்குக் கேட்கவில்லை. வெள்ளி. முதல் வரிசையில் எங்களுக்கே கேட்கவில்லை." தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு செய்தியின் நடுவில் நிறுத்தி, வரிசைக்கு வந்து, ஜெயந்தியைத் தாண்டி, என் கையில் தாளைக் கொடுத்தாள்.

"நீயே வாசி பிள்ள. ஒனக்குத்தான ஆசை."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். ஆயா அடுப்படிக்குத் திரும்பிப் போனார். ஆண்டு முடியும்வரை முத்துமாரி பள்ளிக்கு வந்தாள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால்கூட எழுதித்தான் காட்டினாள்.

வழிபாடு நடந்த மைதானத்தில் இப்போது கட்டடம் எழும்பிவிட்டது. சென்ற வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. "பாம்பு மாத்திரை இப்ப எங்கன இருக்கா?" என்று ஒருத்தி கேட்க, சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. அவளுடைய சொந்தப் பெயரை ஒருவரும் எழுதவில்லை. இன்னொருத்தி, "ஏ ஜெயந்தி, அந்தப் பேரு வச்சது நீதான? அம்புட்டு மூளை ஒனக்கு" என்று எழுதினாள். அதைப் படித்ததும் முதலில் வந்தது வெட்கம் இல்லை. என்னுடையதை ஜெயந்தி எடுத்துக்கொண்டாளே என்ற பொறாமை. அது அடங்கிய பிறகுதான், "அவள் பெயர் முத்துமாரி. பாம்பு மாத்திரை என்ற பெயரை வைத்தவள் நான்" என்று எழுதினேன்.

முத்துமாரி விருதுநகரில் இருக்கிறாள். அவளுடைய எண்ணும் கிடைத்துவிட்டது. குறிப்பேட்டின் கிழமைகளையெல்லாம் பழைய காலண்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டேன். பெயர் வைத்தவள் நான்தான் என்று தாளைக் கொடுத்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். நான் இன்னும் கேட்கவில்லை.