மழையில் மட்டும் நின்ற வண்டி

சுன்னாகத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன மாரிக்காலத்தில் ஒருவர் தன் வண்டியை மூன்று தடவை கொண்டுவந்தார். "தம்பி, மழை பட்டால் நிக்குது" என்பார். அவர் வந்த மூன்று நாளும் நல்ல வெயில். வண்டி ஒரே உதையில் இயங்கியது. "ஒரு பிழையும் இல்லை அண்ணை, உங்கடை மனப்பயம்தான்" என்று சிரித்து அனுப்பினேன்.

நாலாம் தடவை அவர் முகம் கறுத்திருந்தது. பிரிந்துபோன மனைவியோடு மகள் சாவகச்சேரியில் இருக்கிறாளாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம் அவளைப் பார்க்க நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அந்த மாதச் சனிக்கிழமை மழையில் வண்டி நின்றுவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வண்டியை ஓடவிட்டு, பிளக் மூடியில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினேன். உடனே விக்கி நின்றது. மூடியில் மயிரளவு வெடிப்பு. அதற்குள் ஈரம் இறங்கினால் பிளக்கில் தீப்பொறி வராது. கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். புது மூடி போட்டுவிட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "பிள்ளையிலை அக்கறையில்லாமல்தான் வரேல்லையெண்டு மனிசியின்ரை ஆக்கள் கோட்டிலை நீதவானிட்டைச் சொல்லுவினம். வண்டியிலை பிழை இருந்ததெண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும்" என்றார்.

மூன்று தடவை பார்த்தும் பிழை பிடிக்கத் தெரியாதவன் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்தேன்.

"உந்தக் கோட்டு வேலையெல்லாம் எனக்கு வேண்டாம் அண்ணை."

"ஓம், சரி" என்று வண்டியை எடுத்தார். பிறகு வரவேயில்லை.

இப்போது யார் வந்து வண்டி மழையில் நிற்கிறது என்றாலும் முதலில் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்கிறேன். கெட்டிக்காரன் என்கிறார்கள். அந்தக் கடிதம் நாலு வரிதான் வந்திருக்கும்.