அரை டிகிரிக்கும் குறைவான குளிர்

என் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது குளிர். வேலூர் வெயிலில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அது கிடைக்கவில்லை. பேரியம் டைட்டனேட்டுடன் ஸ்ட்ரான்ஷியம் கலந்து சுட்டெடுத்த பீங்கான் வில்லைகள் என்னுடையவை. சட்டைப் பொத்தான் அளவுதான். உயர் மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே தாறுமாறாகக் கிடக்கும் மின் இருமுனைகள் ஒரே பக்கம் திரும்பும்; வில்லை லேசாகச் சூடாகும். அந்தச் சூடு வெளியேறிய பின் மின்சாரத்தை எடுத்தால் வரிசை கலையும். வில்லை முன்பைவிடக் குளிரும். அரை டிகிரிகூட வராது. ஆனால் ஒருநாள் இதை வைத்தே குளிரூட்டும் வாயு இல்லாத குளிர்பெட்டி செய்யலாம் என்று எங்கள் பேராசிரியர் நம்பினார்.

என் கலவையில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிவது மலைக்குளிரில்தான். கணவருக்கு மலைமேல் ஜமுனாமரத்தூரில் அரசு வேலை. "கருவிகளை மேலே எடுத்துப் போம்மா. இந்தப் பனிக்காலத்துக்குள்ள அளவு வந்தாகணும். அதுக்கு மேல உன் ஆராய்ச்சிப் பதிவை நீட்டிக்க முடியாது" என்றார் பேராசிரியர். மகளுக்கு அப்போது ஆறு மாதம்.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். நடுச்சுவர் கூரை ஓடுவரை எட்டவில்லை. ஒரு பக்கம் வில்லையும் நுண்மின்னோட்டம் காட்டும் கால்வனோமீட்டரும், மறுபக்கம் குழந்தை. வில்லையின் சூடு மாறினால் கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளி சுவர் அளவுகோலில் நகரும்; அந்த நகர்வைத்தான் நான் அளக்க வேண்டும். அறையின் வெப்பம் சிறிது மாறினாலும் புள்ளி தானாக நகர்ந்துவிடும். ஆகவே நான் அளந்து முடிக்கும்வரை காலையில் அடுப்பு மூட்டுவதில்லை, தணல் போட்ட கணப்புச் சட்டியும் வைப்பதில்லை. குழந்தைக்கு இரண்டு கம்பளி, குல்லாய், காலுறை. போதும் என்று நினைத்தேன். போதுமா என்று எழுந்து எழுந்து போய்த் தொட்டும் பார்த்தேன்.

அங்கே கைக்குழந்தை உள்ள வீட்டில் பனிக்காலம் முழுக்கக் கணப்புச் சட்டி அணையக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவால் எங்கள் வீட்டைத் தாங்கவே முடியவில்லை.

"இன்னாம்மா இது, வூடா இல்ல கெணறா? உள்ள வந்தாலே பல்லு கிட்டுது."

"கொஞ்ச நாள்தான்க்கா. சூடு இருந்தா கணக்கு தப்பாயிடும்."

"இத்தினூண்டு வில்லைக்குக் குளுருதா, காயுதான்னு பாக்குறீங்க. பெத்ததையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று மகளுக்கு மூன்றாவது கம்பளியும் போர்த்தினேன்.

மூன்றாவது வில்லையைப் பொருத்தியிருந்த வாரம் மகளுக்கு இருமல் வந்தது. ஒரு காலை அவள் பால் குடிக்க மறுத்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கணவர் ஜீப் கேட்க ஓடினார். இருமல் கேட்டு அக்கா கணப்புச் சட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"இப்பவும் வோணாமுன்னு சொல்வீங்களா?"

நான் வழிவிட்டேன். தொட்டிலுக்கு அடியில் தணல் சிவந்தது. சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன்; ஒளிப்புள்ளி நகர்ந்து நகர்ந்து அளவுகோலை விட்டே போயிருந்தது. போய் மின்சாரத்தை நிறுத்தினேன். அடுத்த குளிர்காலம் எனக்குக் கிடையாது என்று தெரிந்தேதான் நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அறையில் புகை. மகள் முன்னைவிட வேகமாக மூச்சு வாங்கினாள். சூட்டினாலா, புகையினாலா, நோய் முற்றியதாலா?

ஜீப் கிடைக்கவில்லை. முதல் பஸ்ஸில் மலையிறங்கினோம். வளைவுக்கு வளைவு அவள் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன்.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "குளிர்ல வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க."

"புகை போட்டீங்களா?"

"ஆமாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எது காரணம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆக்ஸிஜன் குழாயோடு குனிந்துவிட்டார்.

மகள் பிழைத்தாள். நெஞ்சில் ஒரு சீழ்க்கை தங்கிவிட்டது, ஓடினால் கேட்கிறது. கருவிகளைக் கணவர் கல்லூரியில் ஒப்படைத்தார். நான் போகவில்லை.

இந்த வருடமும் பனி இறங்கிவிட்டது. அவள் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் உறங்குகிறாள். ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா என்று தெரியாமல் அதன் கதவில் கைவைத்தபடி நிற்கிறேன்.