ஏழு இடம் விட்டு எழுதிய ஜாவா

இன்று ஹைதராபாத் கச்சிபௌலியில் ஜாவா வேலைக்கு இன்டர்வியூ. நான் பன்னிரண்டு வருடம் கோபோல் என்ற பழைய மொழியில் மட்டுமே புரோகிராம் எழுதியவள். ஜாவா மூன்று மாதப் பழக்கம்தான்.

கேள்வி கேட்டவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். இதே ஊரின் ராமச்சந்திராபுரத்தில் வளர்ந்த தமிழர்.

"பஸ் சீட் புக் பண்ற புரோகிராமை போர்டுல எழுதுங்க மேடம்" என்றார்.

எழுதிவிட்டுத் திரும்பினால் சிரிக்கிறார்.

"இடது பக்கம் ஏன் மேடம் இவ்ளோ இடம் விட்டிருக்கீங்க?"

கோபோலில் ஒவ்வொரு வரியிலும் முதல் ஏழு இடத்தை விட்டுத்தான் தொடங்க வேண்டும். ஜாவாவில் அந்தச் சட்டமே கிடையாது. கை அதுபாட்டுக்கு விட்டிருக்கிறது. போதாததற்கு, ஜாவாவில் வரி முடிவில் செமிகோலன் வர வேண்டிய இடத்திலெல்லாம் கோபோல் போல முற்றுப்புள்ளி.

போச்சு என்று மார்க்கரை வைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஒரே சீட்டை ரெண்டு பேர் ஒரே நேரத்துல அழுத்தினா யாருக்குக் கொடுக்கணும்? அதை நீங்க சொல்லவே இல்லையே?"

அவர் சிரிப்பு நின்றது.

"காலைலேருந்து அஞ்சு பேர் வந்தாங்க. செமிகோலன் எல்லாருக்கும் கரெக்ட். இதை ஒருத்தரும் கேக்கல."

பிறகு சொன்னார்: "டென்ஷன் நக்கோ, வேணாம் மேடம். ஜாவா வந்துரும். வியாழக்கிழமை அடுத்த ரவுண்டுக்கு வாங்க."

அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து மளிகை லிஸ்ட் எழுதினேன். துவரம் பருப்புக்கு முன்னால் ஏழு இடம் காலி.

வியாழனுக்குள் இந்தக் கையைத் திருத்த யாருக்காவது வழி தெரியுமா?