தம்பி கொண்டுவந்த சீர்ப்பெட்டி

தாடிக்கொம்பு ரோட்டை ஒட்டிப் புது வீடு கட்டிக் குடிபோன வருசம் நடந்தது இது. நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை நானே எழுத வேண்டும்.

என் மருமகளுக்கு ஊர் நெய்க்காரப்பட்டி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அவளைப் பெற்ற அம்மாள், என் சம்பந்தி, அதற்கு முந்தின வருசம் தவறிப்போனார். அவர் பேசிய, பாடிய வீடியோக்கள் ஒரு பழைய போனில் மட்டும் இருந்தன. அதுவும் பேட்டரி உப்பிப்போய் இன்றோ நாளையோ என்று கிடந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்தச் சரக்கை ஏற்றக்கூடாதாம். அவள் போனில் அத்தனைக்கும் இடமில்லை. இன்டர்நெட்டில் போட்டுவைக்க அவளுக்கு மனசில்லை. வீட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் சேர்த்துவைக்க ஒரு சர்வர் பெட்டி வைக்கிறேன் என்றாள்.

பெண் பார்ப்பதுபோல அவள் சாமான் பார்த்தாள். மதர் போர்டு, மெமரி என்று நோட்டில் எழுதுவாள், அடிப்பாள். ஹார்ட் டிஸ்க் மட்டும் இரண்டு, வேறு வேறு கடையில் வாங்கினாள். ஒன்றாய் வந்தது ஒன்றாய்க் கெடும் என்று பயம். ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்குமாம். டிஸ்கில் எழுதிவைக்கிற முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அவள் தேர்ந்துவைத்திருந்த முறை, எழுதியதை மாதம் ஒருமுறை தானே படித்துப் பார்த்து, ஒரு டிஸ்கில் கெட்டதை மற்றதிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிடும்.

“வெங்காயத்தப் பட்டறை போட்டுக் குவிச்சு வச்சுட்டு, அப்பப்பப் பிரிச்சு அழுகினதப் பொறுக்குவீங்கல்லங்க அத்தை, அதுமாதிரிங்க” என்றாள்.

அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று இப்போது சொன்னால் பொய்.

பால் காய்ச்சுகிற அன்று என் தம்பி மேளத்தோடு சீர் கொண்டுவந்தான். என் மகனுக்குத் தாய்மாமன் அவன்தானே. மண்டிகளுக்கும் கடைகளுக்கும் கேமரா மாட்டுவது அவன் தொழில். தேங்காய்த் தாம்பாளத்துக்கும் மலைப்பழத் தாம்பாளத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி, சந்தனம் குங்குமம் வைத்து. மருமகள் ஆசைப்படுகிறாள் என்று கேள்விப்பட்டு அவனே சேர்த்துக் கட்டிய சர்வர். ஏதோ மண்டியின் கேமராப் பெட்டியில் ஓடிய இரண்டு டிஸ்க் உள்ளே இருந்தன.

“நாலு வருசமா ஒரு நா நிக்காம ஓடுன டிஸ்க்குக்கா. இனிமேயா நிக்கப்போகுது?” என்றான். இரண்டையும் இணைத்து ஒரே பெரிய இடமாக ஆக்கியிருந்தான். எது போட்டாலும் பாதி இதில், பாதி அதில். இம்புட்டு இடம் எந்த வீட்டிலும் கிடையாது என்று சொந்தக்காரர்களிடம் நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

மருமகள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். இதில் ஒரு டிஸ்க் நின்றாலும் எல்லாம் போய்விடும். மாமா பெட்டி அப்படியே இருக்கட்டும், உள்ளே தான் வாங்கியதை மாற்றிக்கொள்கிறேன் என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் கூடத்தில் என் பிறந்த வீட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வந்த சீரைப் பிரித்துக் குறை பார்ப்பது எங்களில் திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

“எம் பொறந்த வீட்டுச் சீர அக்குவேறாக் கழட்டுவியா? வச்சா அத வையி. நீ வாங்குனதக் கடையில திருப்பிக் குடு” என்றேன்.

என் மகன் காதில் விழுந்தும் பந்திக்கு இலை போடப் போய்விட்டான். அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அம்மாவின் வீடியோக்களைத் தம்பியின் பெட்டியில் ஏற்றினாள். பத்து நாளில் அந்தப் போன் அடங்கிப்போனது; கடையில் கொடுத்தும் உயிர் வரவில்லை.

அடுத்த ஆடியில் பெட்டிக்குள் கடகடவென்று ஒரு சத்தம். ஒரு டிஸ்க் நின்றது. மற்றது நன்றாக இருந்தும், பாதிப் பாதியாகக் கிடந்ததைக் கூட்ட முடியவில்லை. சென்னைக்கு அனுப்பிப் பார்த்தாள்; ஒன்றும் தேறாமல் திரும்பி வந்தது.

தம்பி வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். கேமராவில் பழசு தானாக அழிந்து புதுசு ஏறும், போனதை யாரும் தேடமாட்டார்கள், இது அப்படியில்லை என்று தோன்றாமல் போயிற்று என்று சொல்லி மருமகளிடம் மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லைங்க மாமா என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு.

நாலு நாள் கழித்து என்னிடம் வந்தாள். “அத்தை, எங்கூட அம்மா நேரா போன்லதானுங்க பேசுவாங்க. உங்களுக்கு வாட்ஸப்புல பேசி அனுப்புவாங்கல்லங்க. அது எதாச்சும் இருக்குதுங்களா?”

சம்பந்தி தினம் காலையில் அனுப்புவார். ஏனுங்க சம்பந்தி, சாப்டாச்சுங்களா என்று தொடங்கி மழை, மாடு, மகள் என்று போகும். எனக்கு அது தொந்தரவு. பாதி கேட்டும் கேளாமலும் அன்றன்றைக்கே அழித்துவிடுவேன். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசி அனுப்பியதில்லை.

“இல்லத்தா. அப்பப்ப அழிச்சிட்டேன்.”

என் போனை வாங்கி ஒருமுறை தேடிப் பார்த்தாள். பிறகு என் கையிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“செத்த நில்லுத்தா” என்றேன். “அன்னைக்கு அடுப்படில நீ சொன்னது எனக்கு வெளங்குச்சு. வெளங்கித்தான் அப்பிடிப் பேசுனேன்.”

“தெரியுங்க அத்தை” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய் உட்கார்ந்தாள்.