எண்ணெய் பட்ட விடைத்தாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கடுதாசி எழுதுவேன், ஜெபப் புத்தகம் வாசிப்பேன், அதற்கு மேல் பழக்கமில்லை. ஆனால் தயக்கத்துக்கு அது காரணமல்ல. எழுதினால், என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தில் பொய் இருந்தது என்று சொல்லவேண்டி வரும். அந்தப் பொய் அவருடையதல்ல, என்னுடையது. அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என்னை நிறுத்தினாள். அவள் மகன் பரீட்சைக்குப் போகிறானாம். "உங்க வீட்டு இருதய ஆண்டவர் விளக்குலேர்ந்து ஒரு சொட்டு எண்ணெய் குடுங்கம்மா. ஹால் டிக்கெட்டுல தடவி அனுப்பறேன்" என்றாள். அந்த எண்ணெய் பட்ட பேப்பர் பாஸானது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, என் நாத்தனார்தான் எங்கள் கோவிலைச் சேர்ந்த பங்கு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். கேட்பவர்களுக்கு விசுவாசம் வளர்ந்தால் வளரட்டும் என்று நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபிறகு அப்படி இருக்க முடியவில்லை.

உலக யுத்தம் இன்னும் முடியாத ஒரு வருஷம். மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டி, எங்கள் பங்குக் கோவிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அவர் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் நடத்தினார். கடைசி வகுப்பான ஆறாம் பாரம் முடித்து எழுதும் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு அவர் பரீட்சகரும்கூட. கோடை தொடங்கினால் திருத்தவேண்டிய பேப்பர்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கே வரும். மாகாணம் முழுக்க ஒரே நாள், ஒரே மணி, ஒரே கேள்வித்தாள். அதில் அவருக்குத் தனிப் பெருமை. "கலெக்டர் புள்ளைக்கும் இதே கேள்விதான், கட்டுமரக்காரன் புள்ளைக்கும் இதே கேள்விதான்" என்பார். கை கழுவி, சிலுவை போட்டுக்கொண்டுதான் கட்டைப் பிரிப்பார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. முன்பெல்லாம் பிள்ளைகள் இங்கிலீஷில் எழுதினார்கள். அப்போது தமிழில் எழுத ஆரம்பித்திருந்ததால், எட்டிப் பார்த்தால் எனக்கும் புரிந்தது. அதனாலேயே எட்டிப் பார்க்கமாட்டேன்.

அந்த வருஷம் கட்டு வந்த மறுநாள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒருவர் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து வாசலில் நின்றார். அச்சாபீஸில் வேலையாம். வீட்டை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

"தப்பா ஒண்ணும் கேக்கல வாத்தியாரே. பையன் நம்பரு எழுதிக்கினு வந்துகீறேன். நம்ம கட்டுல கீதான்னு பாத்துச் சொன்னா போதும்" என்றார்.

"உங்க பையன் பேப்பர் திருநெல்வேலியில எந்த வாத்தியார் வீட்டுல இருக்கோ. அங்கத்துப் பேப்பர்தான் இங்க வரும். பழத்தைத் தூக்கிக்கிட்டு ரயிலேறுங்க" என்றார் இவர்.

வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் நின்று சிரித்துவிட்டுக் கூடையோடு போனார். ஆனால் இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கட்டு முன் அறை மேஜையில் இருக்க வேண்டாம், உள்ளே எங்கேயாவது பத்திரமாக வை என்று முதல் தடவையாக அதைத் தொட எனக்கு உத்தரவு கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

அன்று மாதத்தின் முதல் வெள்ளி. திருஇருதய ஆண்டவருக்கு உரிய நாள். நான் பூசைக்குக் கிளம்ப வேண்டும், வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆண்டவர் பாதத்தைவிடப் பத்திரமான இடம் எது என்று நினைத்து, இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, பலகைமேல் கட்டை வைத்துவிட்டுப் போனேன். படத்துக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்று தொங்கும். அதைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

அந்தக் கண்ணாடியின் பாதி உயரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பே அவர் பார்த்துவிட்டு, இதை இனி ஏற்றாதே என்று சொல்லியிருந்தார். யுத்தத்தில் அந்த மாதிரிக் கண்ணாடி எங்கும் கிடைக்கவில்லை. வெறும் படத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. மெழுகுவர்த்தியை உருக்கி விரிசலை அடைத்து, விரிசலுக்குக் கீழே நிற்கும்படி எண்ணெய் விட்டு ஏற்றிவந்தேன். ஆனால் முதல் வெள்ளியன்று விளக்கு நாள் முழுக்க அணையாமல் எரிய வேண்டும் என்பது என் அம்மா வீட்டு வழக்கம். அன்று மட்டும் விளிம்புவரை ஊற்றினேன். சூட்டில் மெழுகு இளகிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது விளக்கு பாதி எண்ணெயோடு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. மீதி எண்ணெய் கட்டின் துணியில் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். மேலாக இருந்த ஒரு பேப்பர் மட்டும் எண்ணெயைக் குடித்திருந்தது. முதல் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு எதுவும் வாசிக்க முடியவில்லை. தலைப்பில் பிள்ளையார் சுழி மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நம்பர்.

சாயங்காலம் அவர் வந்தார். பூனை விளக்கைத் தட்டிவிட்டது என்று சொன்னேன். எங்கள் தெருவில் மீன்காரிகள் கூடை இறக்குவார்கள், பூனைக்குப் பஞ்சமில்லை. அவர் நம்பினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பதினோரு வருஷப் படிப்பு இது" என்று மட்டும் சொன்னார்.

பட்டுப் புடவையில் எண்ணெய் பட்டால் என்ன செய்வோம் என்பது எனக்குத் தெரியும். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து சீமைச்சுண்ணாம்புத் துண்டுகள் கொண்டுவந்தார். அம்மியில் பொடித்துச் சலித்து, தாளின் இரண்டு பக்கமும் தூவி, மேலே மணை போட்டு வைத்தேன். காலையும் மாலையும் பொடியை மாற்றினேன். பூகோளப் பாடத்தின் பதில்கள் ஒவ்வொரு வரியாக மேலே வந்தன. குடகு மலை வந்தது, காவிரி வந்தது. ஆணோ பெண்ணோ தெரியாது, எழுத்து குண்டுகுண்டாக இருந்தது. பிள்ளையாரை நம்பி எழுதிய பிள்ளைக்காக நான் இருதய ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டே பொடி தட்டினேன்.

மூன்று நாளில் எல்லாம் வந்துவிட்டது, ஐந்து வரிகளைத் தவிர. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஏன் அதிக மழை பெய்கிறது என்பது கேள்வி. பதிலின் தொடக்கம் தெரிந்தது, முடிவு தெரிந்தது. நடுவில் ஐந்து வரி கறையாகவே நின்றுவிட்டது.

அவர் திருத்தினார். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். அந்த ஐந்து வரியும் சரியாக இருந்திருந்தால் மூன்று மார்க் பெறும்.

தியாகராய நகரில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இருந்தார், கணக்கு வாத்தியார், அவரும் பரீட்சகர். யோசனை கேட்க அவரை வரச் சொல்லியிருந்தார். சிநேகிதர் வந்து பேப்பரைப் பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சைப் போட்டுக் கட்டை மூடும் ஓய். போன வருஷம் எங்காத்துல எலி கடிச்ச பேப்பருக்கு நான் நாப்பது போட்டேன். எந்த ஜென்மத்துப் புண்ணியமோ, எலியைச் சேரட்டும்" என்றார். நானும் சமையலறையில் இருந்தபடியே, மூணு மார்க்குதானே, போட்டுடுங்களேன் என்றேன். அவருடைய உத்தியோக விஷயத்தில் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்தப் புள்ள எழுதினதுக்குப் போட்டா மார்க்கு. எழுதினது தெரியாம நான் மூணு போட்டா, அது நம்ம வீட்டு எண்ணெய்க்குப் போட்ட மார்க்கு. அந்த மூணு கிடையாதுன்னு சொல்லவும் எனக்கு உரிமை இல்ல" என்றார் அவர்.

முப்பத்திரண்டு என்று எழுதி, ஐந்து வரி என் வீட்டில் நடந்த விபத்தால் வாசிக்க முடியாமல் போயிற்று, முடிவைத் தாங்களே செய்யவேண்டும் என்று தலைமைப் பரீட்சகருக்கு ஒரு கடிதம் எழுதினார். பூனை விளக்கைத் தட்டியதால் என்று அதில் ஒரு வரி வந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சரி என்றேன். தெரியாத மூன்று மார்க்கைப் போடமாட்டேன் என்ற மனிதர், என்னை நம்பித் தெரியாத பூனைக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் வெளியே போனதும் விளக்கைக் கழற்றிக் கொல்லையில் உடைத்துப் போட்டேன்.

தலைமைப் பரீட்சகர் மூன்று மார்க் கொடுத்தாரா இல்லையா என்று எங்களுக்குத் தகவல் வரவில்லை. ஜூன் மாதம் பாஸானவர்களின் நம்பர்கள் பத்திரிகையில் வந்தன. அவர் வாங்கிவந்து மேஜையில் விரித்தார். அந்த நம்பரை நான் மனப்பாடம் செய்திருந்தது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவர் விரல் போன வரிசையிலேயே என் கண்ணும் போயிற்று. அதற்கு முந்தின நம்பர் இருந்தது. அடுத்து இரண்டு நம்பர் தள்ளி ஒன்று இருந்தது. அது இல்லை.

வேறு பாடத்தில் தவறியிருக்கலாம் என்றார். இருக்கலாம். அடுத்த வருஷம் அவருக்குப் பேப்பர் கட்டு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டதில்லை. நாத்தனார் விஷயத்தைப் பாதி கேட்டாள், மீதியை அவளே முடித்துக்கொண்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில், பூனை என்றது பொய் என்று கோவில் சாமியாரிடம் ஒப்புக்கொண்டேன். மன்னிப்புத் தந்து, வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடு என்றார். சொல்லுகிறேன் என்றேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்த ஐந்து வரியில் என்ன எழுதியிருக்கும் என்று இருவரும் நினைத்துக்கொள்வோம், பேசிக்கொள்ளமாட்டோம். அப்படியே பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் போய்விட்டது. அவரும் போய்விட்டார்.

எண்ணெய் கேட்ட பெண்ணிடம், அந்த விளக்கு இப்போது இல்லை என்றேன். உன் பையனுக்காக வேண்டிக்கொள்கிறேன், பெயரை மட்டும் சொல்லு என்றேன். அவள் பெயரைச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் நம்பரையும் சொல்ல வந்தாள். அது வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றதை அவளிடம் அங்கே நின்று சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எழுதினேன்.

ஆண்டவர் அந்தப் பிள்ளையைக் கைவிட்டிருக்கமாட்டார் என்று நம்புகிறேன். அது என் விசுவாசம், நடந்ததோடு அதைச் சேர்க்கக்கூடாது. இதை வாசிப்பவர்கள், அந்த எண்ணெய்க் கதையை யாராவது சொல்லக் கேட்டால், இதைச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு எதையும் மாற்றவேண்டாம். தட்டியது பூனை அல்ல, விளக்கில் விரிசல் இருந்தது, வீட்டுக்காரிக்குத் தெரியும், அந்த நம்பர் வரவில்லை என்று உள்ளபடியே சொல்லுங்கள்.