போட்டவுடன் குந்து

எல்லே விளையாட்டில் பந்து போடுவது உலகத்திலேயே நன்றி கெட்ட வேலை: சொந்த அணிக்காரி மூங்கில் தடியால் அடிக்க வாகாகப் போட்டுக் கொடுக்கவேணும், அடித்தால் புகழ் அவளுக்கு, தவறவிட்டால் ஏச்சு எங்களுக்கு. கை நொந்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததையா எழுதப்போகிறேன்?

நெற்றி

கன்னியர் மடத்தில் படித்த காலத்தில் பயமென்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பந்தைப் போட்டுவிட்டுத் தூண் மாதிரி நிற்பேன். ஒருநாள் சிநேகிதி ஒருத்தி அடித்த அடி நேரே திரும்பி வந்து என் நெற்றியில் பட்டது. நான் அசையவில்லை. ஓடிவந்த சிஸ்டர் என்னை விட்டுவிட்டுப் பந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லகாலம், பந்து வெடிக்கேல்லை. எங்களிட்டை இருக்கிறது இது ஒண்டுதான்."

மகனுக்குப் பிறகு

மகன் பிறந்ததோடு என் தைரியமும் என்னை விட்டுப் போய்விட்டது. குசினியில் கடுகு வெடித்தாலும் தலை தானாகக் குனியும். இந்த நேரம் பார்த்து ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலை அதிபர் கூப்பிட்டார். பெண்பிள்ளைகளுக்கு எல்லே பழக்கவேணும்; இந்தத் தவணைக்குள் ஒரு போட்டியாவது வெல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவாராம்.

முதல் நாள் பந்தைப் போட்டேன். போட்ட கையோடு, என்னைக் கேளாமலே உடம்பு தொப்பென்று குந்திவிட்டது. அடுத்த பந்துக்கும் அப்படித்தான். விளக்கம் சொல்ல நான் வாயெடுக்கமுன், பந்து போடப் பழக வந்த தனுஷா மற்றவர்களிடம் திரும்பினாள். "வடிவாப் பாத்தியளோடி? போட்டவுடன குந்தவேணும். மிஸ் ஒண்டும் சும்மா செய்யமாட்டா."

பிஸ்கற்

ஒரு கிழமையில் அணி முழுக்கக் குந்தியது. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமி பின்னேரங்களில் மைதான வேலியோரம் நின்று பார்ப்பார். ஒருநாள் வீட்டில் மகன் பிஸ்கற்றை எறிந்தான், குந்தினான். புட்டை எறிந்தான், குந்தினான். மாமி தன் மகனை, அதாவது என் கணவரைப் பார்த்தார். "தம்பி, உவளின்ரை பயிற்சியில ஒரு ஆளெண்டாலும் ஒழுங்காத் தேறியிருக்கு."

நெடுந்தீவு அணி

நெடுந்தீவுப் பிள்ளைகள் படகேறி வந்தார்கள். அவ்வளவு அலைக்கும் ஒருத்திக்குக்கூடத் தலைசுற்றவில்லை; தரையில் நின்ற எனக்குத்தான் சுற்றியது. தவணையின் கடைசிப் போட்டி; அதுவரை நாங்கள் ஒன்றும் வென்றிருக்கவில்லை. இரண்டு அணியும் சமமாக நிற்க, எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு அடி.

தனுஷா போட்டாள், குந்தினாள். எங்கள் பிள்ளை அடித்த பந்து, தனுஷாவின் தலை இருந்திருக்கவேண்டிய இடத்தால் சீறிக்கொண்டு போனது. நின்றிருந்தால் அவள் நெற்றியில் பட்டு அங்கேயே விழுந்திருக்கும். பின்னால் காவல் நின்ற நெடுந்தீவுக்காரியோ, இவள் ஏன் குந்தினாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து பனங்கூடலுக்குள் போய்ச் சேர, எங்கள் பிள்ளை மைதானத்தைச் சுற்றி ஓடி முடித்துவிட்டாள். வென்றோம். அணி தப்பியது. நான் கோட்டுக்கு வெளியே குந்தியபடியே இருந்தேன்.

அவர்களுடைய பயிற்றுநர், ஆறடி மனிதர், எனக்கு முன்னால் வந்து தானும் மெல்லக் குந்தினார். "தங்கச்சி, உந்த முறையை எங்கை படிச்சனீர்? எங்கடை பிள்ளையளுக்கும் ஒருக்காக் காட்டித் தாருமன்."

தூண் மாதிரி நின்ற காலத்தில் என்னைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் படிக்கவில்லை. பயந்து குந்தத் தொடங்கிய பிறகுதான் நான் பயிற்றுநரானேன்.