ஜிம்புவுக்கு யார் குரல்?

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தை ஆண்டது தலைமையாசிரியை அல்ல, ஒரு கார்ட்டூன். 'மணி அடிச்சாச்சு' என்று அதற்குப் பெயர். எந்த நாட்டில் எடுத்ததோ தெரியாது. பனி பெய்கிற ஏதோ ஓர் ஊர். சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தமிழில் வரும். வகுப்பறையை அதில் காட்டவே மாட்டார்கள். இடைவேளை மணி அடித்ததும் கதை ஆரம்பிக்கும், மறுபடி மணி அடித்தால் முடிந்துவிடும். நடுவில் இருக்கிற நேரமெல்லாம் பிள்ளைகளின் ராஜ்யம். ஊஞ்சல் யாருக்கு, பந்து யாருக்கு, யார் யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்வார்கள். சண்டை வந்தால் சறுக்குமரத்தின் உச்சியில் ஒரு ரெட்டைச்சடைக்காரி உட்கார்ந்து வழக்கு விசாரிப்பாள். பொய் சொன்னவர்களுக்குத் தண்டனை, தரையில் ஒரு கோடு கிழித்து அதற்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடுவது. கோட்டுக்கு வெளியே நிற்பவரோடு யாரும் பேசக்கூடாது.

எங்கள் மைதானத்தில் பனி கிடையாது. மணல் இருந்தது, ஒரு பூவரச மரம் இருந்தது, உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு சறுக்குமரம் இருந்தது. அதில் வழுக்கி இறங்கினால் யூனிபார்ம் பாவாடையின் பின்பக்கம் செம்மண் நிறமாகிவிடும். வீட்டில் அடி நிச்சயம். அதனால் அதுவரை காலியாகவே கிடந்த அந்தச் சறுக்குமரத்தின் மேல் ஒருநாள் பிரின்சி ஏறி உட்கார்ந்தாள். எங்கள் வகுப்பிலேயே உயரமானவள் அவள்தான். அவளை யாரும் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏறியவள் இறங்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் முதல் வழக்குகள் வரத் தொடங்கின. ரப்பர் காணாமல் போனது, தள்ளிவிட்டது, பட்டப்பெயர் சொன்னது என்று எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்பு கிடைத்தது. டீச்சர்களிடம் புகார் போவது நின்றுவிட்டதால் அவர்களும் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்தக் கார்ட்டூனில் எங்கள் எல்லாருக்கும் பிடித்தவன் ஜிம்பு. செம்பட்டைத் தலை, கன்னமெல்லாம் புள்ளிகள், முன்பல் இரண்டும் இல்லாத பொக்கைவாய். 'ச' வருகிற இடமெல்லாம் அவன் வாயிலிருந்து சீழ்க்கை மாதிரிக் காற்று வரும். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. மற்ற பிள்ளைகள் டிவியில் பேசுகிற தமிழைப் பேசும்போது ஜிம்பு மட்டும் தூத்துக்குடித் தமிழ் பேசினான். முதல் சில நாட்கள் அவனும் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் பந்து தலையில் விழப்போகிற அவசரத்தில், "ஏலே, அங்கன நிக்காதல!" என்று கத்திவிட்டான். பிறகு அவன் பழைய தமிழுக்குத் திரும்பவே இல்லை. ஒவ்வொரு நாளும் கதை தொடங்கும்போது, "ஏலே, மணி அடிச்சாச்சு, வெளிய வாங்கல!" என்று அவன் கூவுவான். பனி பெய்கிற ஊரில் நம்மாள் ஒருத்தன் இருக்கிறான் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு, முதல் 'ஏலே' கேட்ட அன்றைக்கு, அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா தோசைக்கரண்டியோடு ஓடிவந்தாள். டிவிக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள்.

"ஏளா, இது ஒங்க அத்தைல்லா பேசுதா!"

தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி, "அப்பாட்ட மட்டும் சொல்லிராத" என்றாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவள் ஒருத்திதான் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டிச் சம்பாதித்து, படிக்கவைத்து, மாப்பிள்ளையும் பார்த்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஓலை வாசிப்பார். அத்தைக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முன்னால் அத்தை சென்னைக்குப் போய்விட்டாள். எந்தப் பையனோடும் அல்ல, தனியாகத்தான். கல்யாணம் வேண்டாம், குரல் கொடுக்கிற வேலை ஒன்று கிடைத்திருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். குரலுக்கு ஒரு வேலையா என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. சாமியார் ஊரறிய வாசித்த பெயரை ஊரறியத் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது மட்டும்தான் அவருக்கு விளங்கியது. அதோடு வீட்டில் அத்தை பேச்சு நின்றது. ஷோகேஸில் இருந்த போட்டோவும் எங்கோ போனது. அப்போது எனக்கு ஐந்து வயது. அத்தை எனக்குத் தலைபின்னுவாள், மீன் ஏலம் விடுகிறவர் மாதிரியும் சாமியார் பிரசங்கம் வைக்கிற மாதிரியும் பேசிக்காட்டுவாள் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு நினைவில்லை.

அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் அம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் நம்பவில்லை.

"ஜிம்பு ஆம்பளப் பையன். ஒங்க அத்தை பொம்பள" என்றான் நவீன். நியாயமான சந்தேகம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். டிவியில் பேசுகிற அத்தை உனக்கு இருந்தால் ஒரு நாளாவது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கமாட்டாளா, போட்டோவாவது இருக்காதா என்று இன்னொருத்தி கேட்டாள். இடைவேளையில் வழக்கு சறுக்குமரத்துக்குப் போனது. பிரின்சி மேலே இருந்து நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"ஒங்க வீட்டுல இருந்து பெரிய ஆளு யாராச்சும் வந்து சாட்சி சொல்லணும். அது வரைக்கும் நீ கோட்டுக்கு வெளிய."

நவீன் குதிகாலால் மணலில் கோடு கிழித்தான். நான் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன்.

கோடு என்றால் வெறும் மணல் கோடுதான். காலால் தேய்த்தால் அழிந்துபோகும். ஆனாலும் நான் அழிக்கவில்லை. மதில் ஓரமாக நின்றுகொண்டு மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்பவள்கூட என்னைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருந்தது. பொய் சொல்லிவிட்டு நின்றிருந்தால் பொய்தானே என்று இருந்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டு நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் சாட்சி சொல்ல வரச் சொன்னேன். "நான் வந்து சொல்லிட்டுப் போனா அது சாயங்காலத்துக்குள்ள ஹார்பருக்குப் போயிரும். சும்மா கெட. ரெண்டு நாள்ல அதுவளே மறந்துரும்" என்றாள். அதுகள் மறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் மதிலோரம்தான் நின்றேன். வெள்ளிக்கிழமைக்கு மேல் என்னால் முடியவில்லை.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, கைகளில் நிலக்கரித் தூசி போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னேன்.

"அப்பா, ஜிம்புவுக்கு அத்தைதான் குரல் குடுக்காங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குதாங்க."

உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அப்பா துண்டை வாங்கவில்லை. கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு நம்பல?"

"எல்லாரும்தான். கோட்டுக்கு வெளிய நிப்பாட்டிட்டாங்க. யாருமே எங்கூடப் பேச மாட்டாங்க."

"எது வரைக்கும்?"

"நம்ம வீட்டுல இருந்து யாராச்சும் வந்து, எங்க அத்தைதான்னு சொல்லுத வரைக்கும்."

அப்பா துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மணி ஐந்தரை ஆகியிருந்தது. நான் பயந்துகொண்டே டிவியைப் போட்டேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காராமல், கதவு நிலையில் கைவைத்து நின்றபடியே பார்த்தார். "ஏலே, மணி அடிச்சாச்சு, வெளிய வாங்கல!" என்று ஜிம்பு கூவியபோது அவருடைய கை மட்டும் நிலையிலிருந்து இறங்கியது. விளம்பரம் வந்ததும், "அந்தப் பல்லில்லாத பயலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளம்பரம் முடியும்வரை சோப்புப் பொடியையும் பிஸ்கட்டையும் அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் அப்பா மறுபடியும் போய் முகம் கழுவினார்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தது அம்மா அல்ல, அப்பா. சலவைச் சட்டை போட்டிருந்தார். தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "எங்க அந்த கோர்ட்டு?" என்று கேட்டார்.

சறுக்குமரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கிரேன் ஓட்டுகிற கையோடு, எங்களில் இரண்டு ஆள் உயரம் இருந்த என் அப்பா, மேலே உட்கார்ந்திருந்த பிரின்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க யாரு, அங்கிள்?"

"நான் இவ அப்பா."

"ஜிம்புவுக்கு யாரு பேசுதாங்க?"

அப்பா மணலைப் பார்த்தார். அவர் பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்து, கேள்வி மறந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"என் தங்கச்சி" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள். நவீன் மட்டும் விடவில்லை. "மகளுக்காக அப்பா அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்கதான்னு எப்படித் தெரியுமாம்?"

"'ச'ன்னு சொன்னா காத்து வருதுல்லா, அத வச்சித்தான்" என்றார் அப்பா. "சின்னப்பிள்ளையில ஊஞ்சல்ல இருந்து விழுந்துட்டா. முன்பல்லு பாதி ஒடைஞ்சிட்டு. நான்தான் ஆட்டிவிட்டுக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "புதுப் பல்லு கட்டிப் போட்டுருவோம்னு பெறவு எவ்வளவோ சொன்னேன். கேக்கல" என்றார்.

பிரின்சி யோசித்தாள். அவள் பெரியவளாகி என்ன ஆனாள் என்று தெரியாது. ஆனால் அன்று அவள் கேட்டதை எங்கள் வீட்டிலோ கோயிலிலோ உறவிலோ நான்கு வருடமாக ஒருவரும் அப்பாவிடம் கேட்டிருக்கவில்லை.

"அப்போ போன் போடுங்க, அங்கிள். ஸ்பீக்கர்ல போடுங்க."

அப்பா சட்டைப்பையில் கையை வைத்தார். நம்பர் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். போனை எடுத்து, ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, அமுக்கினார். மணி போவது எல்லாருக்கும் கேட்டது. அப்புறம் ஒரு பெண்குரல்.

"அண்ணே?"

அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை, இந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் போகவில்லை.

"கட் ஆயிட்டா, அங்கிள்?" என்று பிரின்சி மேலேயிருந்து குனிந்து கேட்டாள்.

"இல்ல" என்ற அப்பா, போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "இங்கன பிள்ளைங்க நிக்குதுவ. ஒரு வழக்கு."

"என்ன வழக்குண்ணே?"

"ஜிம்பு நீதானான்னு."

"நீ பாக்கியாண்ணே?"

"வெள்ளிக்கிழம பாத்தேன்" என்றார் அப்பா. "நல்லாத்தான் இருந்துச்சி." பிறகு, எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்தப் பயல் மாதிரி பேசிக் காட்டு. ஒன் மருமவ கோட்டுக்கு வெளிய நிக்கா" என்றார்.

நாங்கள் போனுக்கு இன்னும் கிட்டே நெருங்கினோம். சட்டென்று போனுக்குள்ளிருந்து ஜிம்பு கூவினான்.

"ஏலே, மணி அடிச்சாச்சு, வெளிய..."

அங்கே நின்றுபோனது. கொஞ்சம் கழித்து "வாங்கல" என்று வந்தது. ஆனால் அது ஜிம்புவின் குரலாக இல்லை. மெலிந்து, எங்கோ தூரத்திலிருந்து ஒரு பெண் பேசுவது போலிருந்தது. பிள்ளைகளுக்கு அதுவே போதும். மைதானமே அதிர்ந்தது. பிரின்சி தீர்ப்பு சொல்வதற்குப் பதிலாக, யூனிபார்மைப் பற்றிக் கவலைப்படாமல் சர்ரென்று வழுக்கி இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நவீன் கோட்டைக் காலால் அழித்தான். அப்பா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பூவரச மரத்துப் பக்கம் நடந்தார். மணி அடித்து நாங்கள் வகுப்புக்குள் போன பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர்கள் என்ன பேசினார்கள் என்று இருவருமே இன்றுவரை சொன்னதில்லை. அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு அத்தை வீட்டுக்கு வந்தாள். அப்பாதான் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆனால் அன்று மத்தியானம் எனக்கு மனசு சரியில்லை. வழக்கில் ஜெயித்தும் ஏதோ குறை. கணக்கு டீச்சர் திரும்பி போர்டில் எழுதும்போது பக்கத்தில் இருந்தவள், ஒரு வாரம் பேசாமல் இருந்ததையெல்லாம் சேர்த்துவைத்து, என் காதில் கிசுகிசுத்தாள்.

"ஒங்க அத்தை மொதல்ல நல்லாத்தான் பேசுனாங்க. கடைசில சொதப்பிட்டாங்களே."

அத்தையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. "அவங்க நல்லாப் பேசுவாங்க. சென்னைல சிக்னல் சரியில்ல" என்றேன். வெகுகாலம் அதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.